பவுண்டு ரெஜிஸ்தரில் நீலக் கை

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் யாருக்கு என்ன நஷ்டமோ தெரியாது, ஞானமணிக்கு ஒரு தடித்த ரெஜிஸ்தர் லாபம். பயிரில் வாய் வைத்த மாடுகளைப் பிடித்து அடைக்கும் பவுண்டுக்கென்று அச்சடித்தது அது. சமஸ்தானத்து முத்திரை போட்ட தாள் இனிச் செல்லாது என்று தள்ளிவிட்டதில் ஒன்றை அவள் புருஷன் சந்தனராஜ் தூக்கிவந்தார். ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் பள்ளிக்கூட வாத்தியார் அவர். பிள்ளைகளுக்கு எழுத ஆகும் என்று நினைத்தார். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் கட்டம்: நிறம், கொம்பு, சுழி, அடையாளம். இதில் எங்கே வாய்ப்பாடு எழுதுவது? பரணில் போட்டுவிட்டார்.

ஞானமணி அதை இறக்கியது அடுப்புப் பற்றவைக்க. கிழிக்கப் போனவள் தாளைத் தடவிப் பார்த்தாள். நல்ல கனம். அன்றைக்குப் பார்த்து, புதுச் சேலையிலிருந்து உரித்த மில் படம் ஒன்று கையில் இருந்தது. யானை மேல் ஒரு ராணி. எரிக்கவும் மனசில்லை, வைக்கவும் இடமில்லை. சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி முதல் பக்கத்தில் ஒட்டினாள். 'கொம்பு' என்ற கட்டத்தில் யானைத் தந்தம் சரியாக வந்து உட்கார்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்படித்தான் ஆரம்பம்.

பிறகு கையில் கிடைத்ததெல்லாம் அதற்குள் போயிற்று. தீப்பெட்டிப் படம், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், விராலிமலை பஸ் டிக்கெட், வெங்காயச் சருகு, கிழிந்த சேலையின் கரை, மாதா படம், சினிமா நோட்டீஸ். ஒட்டக் கஞ்சிப் பசை. பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். நிறத்துக்குக் கடைக்குப் போகமாட்டாள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு. சட்டிக் கரி கறுப்பு. வேட்டிக்குப் போடும் நீலம் நீலம். பச்சைக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. அவரை இலையை அரைத்துப் பார்த்தாள். காய்ந்ததும் சாணி நிறம். அதனால் அவளுடைய மரங்களெல்லாம் நீலமாகவே நின்றன.

சந்தனராஜின் அக்கா ஆரோக்கியம்மாள் அடுத்த வீடு. கதவைத் தட்டுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

“ஊருல அரிசிய ஒலையில போடுவாளுக. இவ காயிதத்துல அப்புறா. ஏன்டி, இத ஒட்டி எந்தக் கோட்டையப் புடிக்கப் போற?”

“கோட்டையெல்லாம் வேணாம் மதினி. நீங்க வந்து ஒக்காந்தா நேரம் போவமாட்டேங்குது. அதுக்குத்தான்.”

ஆரோக்கியம்மாள் மோவாயை இடித்துக்கொண்டு போவாள். மறுநாள் அவளே ஒரு தீப்பெட்டிப் படத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவருவாள்.

ஒரே மகள் அடைக்கலம். அவளுக்கு நாலு வயசானபோது ஞானமணி ஒரு மயில் செய்தாள். விராலிமலையில் பொறுக்கிய இறகை மயிர்மயிராகப் பிரித்து மூன்று நாள் ஒட்டினாள். நாலாம் நாள் வேட்டிகளை அலசிக்கொண்டிருந்தபோது, பிள்ளை நீலத் தண்ணீரில் கையை முக்கிக் கொண்டுபோய் அந்தத் தாளில் பட்டென்று அப்பிவிட்டது. மயிலின் நெஞ்சுக்குக் கீழே ஐந்து விரலும் அச்சாக விழுந்தன. ஞானமணி முதுகில் இரண்டு வைத்தாள்.

“எதுக்குடி செஞ்ச? சொல்லு!”

“மயிலுக்குக் கையே இல்லைல ஆத்தா. அதான் குடுத்தேன்” என்றது பிள்ளை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சாயங்காலம் வாத்தியார் வந்தபோது இதைச் சொல்ல அவளுக்கு நேரமில்லை. மாடு கறக்கவேண்டியிருந்தது.

ஐம்பத்தாறாம் வருஷம் ஆடி மாசம் வாந்திபேதி வந்தது. காலையில் பழைய சோறு தின்ற பிள்ளை, மறுநாள் காலையில் இல்லை. பாய், பாவாடை, தலையணை எல்லாவற்றையும் தோப்பில் போட்டு எரிக்கச் சொன்னார்கள், எரித்தார்கள். போட்டோ கிடையாது. கோயிலில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கும்போது புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் எடுக்கலாம் என்றிருந்தார்கள். அந்த நீலக் கை பட்ட தாள் ஒன்றுதான் மிச்சம்.

ஞானமணி அழவில்லை. துஷ்டி கேட்க வந்தவர்களுக்கு அது பெரிய குறை. “அழுதுருடி, நெஞ்சு வெடிச்சுரும்” என்றாள் ஆரோக்கியம்மாள்.

“வந்தா அழமாட்டனா? வரல.”

சோறு பொங்கினாள். சாணி தெளித்தாள். மத்தியானம் ரெஜிஸ்தரை எடுத்து எதையாவது ஒட்டினாள். என்ன ஒட்டினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு நாள் முழுப் பக்கத்துக்கும் வெறும் பசையைத் தடவிவிட்டு மூடி வைத்தாள். மறுநாள் அந்தத் தாள்கள் பிரியவேயில்லை. சரி, போ என்று விட்டுவிட்டாள்.

நிலைக்கு மேல் ஒரு குருத்தோலை செருகியிருந்தது. குருத்தோலை ஞாயிற்றுக்கிழமை சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் அடைக்கலம் பிடித்துப்போன ஓலை. அவளே சிலுவையாக மடித்தது, ஒரு பக்கம் கோணல். கார்த்திகை மாசத்தில் ஒட்டடை அடிக்கும்போது அதை எடுத்தாள். பசையில் ஓலை நிற்கவில்லை, வழுவழுப்பு. அதனால் ஊசி எடுத்து, வாத்தியார் சட்டைக்குப் பொத்தான் தைக்கும் நூலை இரட்டையாகக் கோத்து, மயில் பக்கத்தில் கைக்கு மேலாக இறுக்கித் தைத்தாள். வேறு பக்கத்தில் தைத்திருக்கலாம். அப்போது அப்படித் தோன்றவில்லை.

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக்கூடாது, கால் படக்கூடாது. வீட்டுக்கு வீடு பழைய ஓலையைச் சேர்த்து எரித்து, அந்தச் சாம்பலைத்தான் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று பங்குச் சாமியார் எல்லார் நெற்றியிலும் பூசுவார். மாசியில் அந்தப் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை, கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் மைக்கேல்சாமி ஓலை கேட்டு வந்தார்.

“வாத்தியாரம்மா, ஒங்க வீட்டு ஓலை?”

“இல்ல. எலி கடிச்சுருச்சு.”

“மந்திரிச்ச ஓலைய எலி கடிக்காதே.”

“எங்க வீட்டு எலி கடிக்கும். ஞானஸ்நானம் வாங்காத எலி.”

உபதேசியார் சிரித்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே முகம் மழித்துக்கொண்டிருந்த சந்தனராஜ் சிரிக்கவில்லை. பிள்ளை போனதிலிருந்து அவருக்கு எதற்கெடுத்தாலும் பயம். விட்டுப்போன ஒரு ஜெபம், தவறிய ஒரு பூசை, எதற்காக இந்தத் தண்டனை என்று தேடிக்கொண்டேயிருந்தார்.

மறுநாள் அவள் துணி துவைக்கக் கண்மாய்க்குப் போயிருந்தபோது காரணத்தைத் தேடி எடுத்தும்விட்டார். ரெஜிஸ்தர் ஓரத்தில் ஓலை நுனி நீட்டிக்கொண்டிருந்தது. திறந்தார். மந்திரித்த ஓலை, அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் சினிமா நோட்டீஸில் ஒருத்தி இடுப்பை ஒடித்து நின்றாள். மனுஷன் சிலுவை போட்டுக்கொண்டார். ஓலையைப் பிய்க்கவும் பயம். ரெஜிஸ்தரை அப்படியே கொண்டுபோய் உபதேசியார் கையில் கொடுத்துவிட்டு, நிம்மதியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

ஞானமணி ஈரத் துணியோடு வந்தபோது, வழக்கமாக வைக்கும் குதிர் மேல் ரெஜிஸ்தர் இல்லை. அப்போதுதான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த வாத்தியாரிடம் கேட்டாள்.

“ஏங்க, இங்கிட்டு இருந்த பொஸ்தகம் எங்க?”

“கோயில்ல குடுத்துட்டேன். மந்திரிச்சதப் போயி அந்தக் கண்றாவிக்குள்ள வச்சுத் தச்சிருக்கியே. பாவமில்லையா?”

அவள் துணி வாளியைக் கீழே வைத்தாள். கோயிலுக்கு நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் ஊர் கேட்கும்.

கோயிலுக்குப் பின்னால் உபதேசியார் ஒரு உடைந்த பானை ஓட்டின் முன்னால் குந்தியிருந்தார். நெருப்பு அவிந்துவிட்டது, சாம்பலை மல்துணியில் சலித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரெஜிஸ்தர் முழுசாக இருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

“வாங்கம்மா! வாத்தியாரு மொத்தத்தையும் எரிங்கன்னாரு. நான் என்ன காட்டானா? எம்புட்டுப் பாடுபட்டு ஒட்டியிருக்கீங்க. ஓலை இருந்த தாள மட்டும் எடுத்துக்கிட்டேன். நூலப் பிரிக்கப் பாத்தேன், பிரிச்சா ஓலை பிஞ்சுரும்போல இருந்துச்சு. இரட்டைத் தையலாச்சே. அதான் தாளோட போட்டேன். மத்ததெல்லாம் பத்திரம், பாருங்க.”

பார்த்தாள். யானை மேல் ராணி இருந்தாள். பஸ் டிக்கெட் இருந்தது. வெங்காயச் சருகு இருந்தது. மயில் இருந்த இடத்தில் விரலகலத்துக்கு ஒரு கிழிந்த ஓரம் மட்டும் நின்றது.

“அந்தத் தாளு இதுல எது?” என்றாள், சாம்பலைக் காட்டி.

“எல்லாம் ஒண்ணாக் கலந்துருச்சும்மா. அறுவது வீட்டு ஓலை.”

அவர் முகத்தில் உதவி செய்த சந்தோஷம். ஞானமணி அதைக் கெடுக்கவில்லை. ரெஜிஸ்தரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாத்தியாருக்குச் சோறு போட்டாள். ரசம் ஊற்றும்போது சொன்னாள்.

“மயிலுக்குக் கீழ நீலமா ஒண்ணு இருந்துச்சுல்ல. அது புள்ளையோட கை.”

சந்தனராஜ் பிசைந்த கையை எடுக்கவில்லை. “நீலம் கொட்டிப்போச்சுன்னு நெனச்சேன்” என்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, “நீ சொல்லவே இல்லையே” என்றார்.

“சொல்லல.”

“நான்தான்…”

“தச்சது நானு. சாப்புடுங்க, ஆறுது.”

புதன்கிழமை பூசைக்குப் போனார்கள். சாமியார் லத்தீனில் முணுமுணுத்துக்கொண்டே கட்டைவிரலால் சாம்பலைத் தொட்டு ஒவ்வொரு நெற்றியிலும் சிலுவை வரைந்தார். அறுபது வீட்டு நெற்றி. ஞானமணியின் முறை வந்தபோது கொஞ்சம் மூக்கில் உதிர்ந்தது. அதையும் துடைக்காமல் மூச்சை அடக்கி நடந்தாள். முக்காட்டை நெற்றியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். வெளியே பெண்கள் நின்று பேசக் கூப்பிட்டார்கள். அவள் நிற்கவில்லை.

வீட்டில் பசை காய்ச்சினாள். அன்றைக்குத் துத்தம் போடவில்லை, முகத்தில் படுமே. கிழிந்த ஓரத்துக்கு அடுத்த பக்கம் நோட்டீஸ்காரி நின்றாள். அவளைத் தாண்டித் திருப்பி, வெறும் பக்கத்தை எடுத்தாள். நிறம், கொம்பு, சுழி, அடையாளம். நடுவில் பசையைத் தடவி, ரெஜிஸ்தரை அரிசிப் பெட்டி மேல் வைத்து, குனிந்து நெற்றியை அதில் அழுத்தினாள்.

ஆரோக்கியம்மாள் வழக்கம்போலத் தட்டாமல் வந்தாள். “என்னடி இது, பொட்டி மேல தலைய வச்சுக்கிட்டு? கிறுகிறுன்னு வருதா?”

“இல்ல மதினி.”

“பின்ன?”

“பசை இழுக்கணும். கொஞ்சம் பேசாம இருங்க.”

ஆரோக்கியம்மாளுக்கு எது விளங்கியதோ, பேசாமல் உட்கார்ந்தாள். நிமிர்ந்தபோது தாளில் சாம்பல் சிலுவை கோணலாக விழுந்திருந்தது. இரண்டு தலைமயிரும் ஒட்டியிருந்தன. ஞானமணி மயிரைப் பிய்த்துப் போட்டாள். ஈரம் காயும்வரை மூடக்கூடாது என்று ரெஜிஸ்தரைத் திறந்தபடியே குதிர் மேல் ஏற்றினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நோன்பு நாளின் ஒருசந்திச் சோற்றுக்கு உலை வைத்தாள்.