வாள்காரிக்கு வேலை இல்லை

மேசையில் கதை விளையாட்டு நடத்துவது கல்யாண வீட்டில் பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டு வைப்பது மாதிரி: எந்தப் பக்கம் இறைச்சி கூடியது என்பதில்தான் எல்லாருடைய கண்ணும். சனிக்கிழமைகளில் மதியம் லுஹர் தொழுத பிறகு சாய்ந்தமருதில் என் வீட்டு மேசையில் மூன்று பேர் கூடுவார்கள். ஆளுக்கொரு கற்பனை வீராங்கனை அவர்கள் பொறுப்பு. குகையும் பூதமும் என் பொறுப்பு. அடி பட்டதா இல்லையா என்று இருபது முக டைஸ் சொல்லும். சம்பளம் இல்லை, ஏச்சு உண்டு. நீங்களும் நடத்துகிறவர் என்றால் நான் விளக்கத் தேவையில்லை.

மெதுவாகக் குடித்தவள்

நஸ்லியா என் மூத்த சகோதரன், காக்காவின் மனைவி, கல்முனையில் சட்டத்தரணி. விளையாட்டில் அவளுடைய வீராங்கனை ஒரு கள்ளி. மாய மருந்து குடித்தால் பத்து நிமிடம் யார் கண்ணுக்கும் தெரியாது என்பது விதி. பதினோராம் நிமிடம் காவலாளி அவளைப் பிடித்தான்.

"குடிக்கத் தொடங்கினதுல இருந்து பத்து நிமிசமா, குடிச்சு முடிச்சதுல இருந்தா? புத்தகத்துல எங்க இரிக்கி?" என்றாள். நான் பக்கம் பக்கமாகத் தேடினேன். எங்கும் இல்லை. காவலாளி கையை விட்டுவிட்டான்.

"நான் மெதுவாத்தான் குடிச்சன் மச்சி."

கணக்கு டீச்சரின் நெருப்பு

பஸ்மினா என்னோடு படிப்பிக்கும் கணக்கு டீச்சர். அவளுடைய மந்திரக்காரியிடம் சாதுவான இரண்டு மந்திரங்கள் இருந்தன. ஒன்று எண்ணெய் மழை பெய்விக்கும், மற்றது ஒரு பொறி நெருப்பு வைக்கும். இரண்டையும் ஒரே முறையில் போட விடச் சொன்னாள். மச்சிக்கு விட்டுக் கொடுத்தவள், இவளுக்கு எப்படி மறுப்பது? விட்டேன். பதினெட்டு அரக்கர்கள் ஒரே மூச்சில் எரிந்து போனார்கள்.

அடுத்த முறை சுதர்சினிக்கு. அவளும் எங்கள் பாடசாலைதான்; பெரியநீலாவணையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவளுடைய வாள்காரி வாளை உருவிக்கொண்டு நின்றாள். எதிரே வெறும் சாம்பல்.

"நான் கூட்டி அள்ளட்டா அக்கா?"

பூதத்தைக் கொழுக்க வைத்தேன்

பஸ்மினாவின் நெருப்புக்குத் தாக்குப்பிடிக்க ஒரு பூதம் செய்தேன். உயிர் இரண்டு மடங்கு, அடி மூன்று மடங்கு. நெருப்பில் அது சாகவில்லை என்றதும் எனக்கு ஒரே சந்தோசம். மறுகா பூதத்தின் முறை வந்தது. முன்னால் நின்றவள் வாள்காரி. ஒரே அடியில் செத்தாள்.

சுதர்சினி எட்டு மாதம் வளர்த்த வாள்காரி அவள். வாள்காரியின் பலமெல்லாம் எழுதியிருந்த தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, வினாத்தாள் திருத்தக் கிடக்கு என்று எழும்பிப் போனாள். அடுத்த இரண்டு சனியும் வரவில்லை.

"கள்ளனுக்கு வலை போட்டு சாட்சிக்காரிய அமுக்கிட்டீங்க மச்சி," என்றாள் நஸ்லியா.

இடைவேளையில்

வாள்காரிக்குப் புதுத் தாள் எழுதி, பலத்தை இரட்டிப்பாக்கி, ஆசிரியர் அறைக்குக் கொண்டு போனேன். சுதர்சினி வடையைக் கடித்தபடி வாசித்தாள். பிறகு தாளை என் பக்கமே தள்ளினாள். பக்கத்துக் கதிரையில் இருந்த பஸ்மினா தலை நிமிரவில்லை. ஆனால் அவளுடைய சிவப்புப் பேனை ஒரே கொப்பியில் நின்றுவிட்டது.

"எனக்குப் பலம் வேணாம் அக்கா. என்ட முறை வரக்குள்ள ஒருத்தனாவது உயிரோட நிண்டாப் போதும்."

மீண்டும் சனிக்கிழமை

சுதர்சினி வந்தாள். அந்த மரணம் செல்லாது என்று நஸ்லியா வாதாடினாள்: பூதத்தின் பலத்தைக் கூட்டிய நான் முன்கூட்டி அறிவிக்கவில்லையாம். வாள்காரிக்கு உயிர் வந்தது. பஸ்மினா தானாகவே என்னிடம் சொன்னாள்: "எண்ணெய நான் ஊத்துறன் ராத்தா. நெருப்ப சுதர்சினிட வாள்ல வைங்க."

வைத்தேன். பூதம் எழும்பியது, எண்ணெய் கொட்டியது, சுதர்சினி டைஸை உருட்டினாள். இருபது! பூதம் சரிந்தது. நஸ்லியா மேசையில் அடித்தாள், தேத்தண்ணி சிந்தியது, சுதர்சினி முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ்மினாவும் கை தட்டினாள். தட்டி முடித்ததும் ரூல் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அந்த வாளுக்குப் பலம் கொஞ்சம் கூடிப்போச்சு போல இரிக்கே ராத்தா?"

சமநிலை என்பது, என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்களே, முறைப்பாடு ஒருத்தியிடமே தங்காமல் ஆள் மாறி ஆள் மாறி வருவதுதான்.