அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் குடிக்கவில்லை

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவருக்கு வேலையிடத்தில் மேலோகம் என்று பட்டப்பெயர். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாக அவர் சொல்லும் வாசகத்தால் வந்தது. "உங்களை மேலே அனுப்புறதும் நான்தான், பத்திரமா கீழே கொண்டுவர்றதும் நான்தான். பயப்படாதீங்க." அழுதுகொண்டிருப்பவர்கூடச் சிரித்துவிடுவார்.

இருபத்தெட்டு வருட வேலை. அதில் பதினைந்து வருடம் குடி. வேலை நேரத்தில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. கை நடுங்குகிற காலைகளில் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறமாட்டார், லீவு சொல்லிவிடுவார். குடியை விடுவதாக வீட்டில் ஏழு தடவை சத்தியம் செய்து ஏழு தடவையும் தோற்றிருந்தார். எட்டாவது முறை சத்தியம் எதுவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை, வழக்கமான கடையைத் தாண்டி நேராக வீட்டுக்கு வந்தார். மறுநாளும் வந்தார். சொல்லிச் சொல்லித் தோற்றதில் வாய் வெட்கப்பட்டுப் போயிருந்தது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை. ஒன்பது மாடி அலுவலகம் ஒன்றில் கூண்டின் மேல் உட்கார்ந்து, கதவுப் பூட்டில் மின்சாரம் தொடும் காண்டாக்டுகளை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். காற்றுப் புகாத இடம். பத்து நிமிடத்தில் முகம் கொதித்தது. நெஞ்சு தறிகெட்டு அடித்தது. நாலாவது மாடிக் கதவு வழியாகத் தவழ்ந்து வெளியே வந்து வாந்தி எடுத்தார்.

சூப்பர்வைசர் வந்து குனிந்து பார்த்தார். சிவந்த கண், குழறும் நாக்கு, சட்டையெல்லாம் ஸ்பிரிட் வாடை.

"வேலையிலயுமாண்ணே?"

"இல்லப்பா. தொட்டு இருபத்திரண்டு நாளாச்சு."

சூப்பர்வைசர் பக்கத்தில் நின்ற வாட்ச்மேனைப் பார்த்துச் சொன்னார்: "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு."

ஊதிக் காட்டவும் அவர் தயாராகத்தான் இருந்தார். ஊதச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து லிஃப்ட் பக்கம் போகக்கூடாது என்று ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து விசாரணை. அதில் அவர் சொல் எடுபட்டால் பழைய வேலை, இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை ஸ்டோர்தான்.

நடந்ததை வீட்டில் சொன்னார். மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். ஞாயிறுதோறும் அவருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பவள். அன்று செவ்வாயிலேயே பார்த்தாள். எண்ணைப் படித்துவிட்டு, ரெஸ்ட் எடுங்கப்பா என்றாள்.

"நீயாச்சும் நம்புறியாம்மா?"

"விடுங்கப்பா, முடிஞ்சது முடிஞ்சுபோச்சு."

பதினைந்து வருடம் ஏமாற்றியவனை எப்படி நம்புவாள் என்று அவரே அவளுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டார். நாள் போகப்போக அவருக்கே சந்தேகம் வந்தது. பழைய சாராயம் உடம்பில் எங்காவது தங்கியிருந்து பழிவாங்குகிறதோ? இதய டாக்டரிடம் தனியாகப் போய்வந்தார். இதயம் நன்றாக இருந்தது.

விசாரணைக்கு நாலு நாள் முன்பு பிரஷர் மெஷின் ஓடவில்லை. பேட்டரி மாற்றலாம் என்று பெட்டியைத் திறந்தார். அட்டைக்கு அடியில் ஒரு சின்ன நோட்டு, மகளுடைய அச்சடித்தது போன்ற கையெழுத்தில்.

முதல் பக்கத்தில் குடியை நிறுத்தும் மாத்திரையின் பெயர், சாராயம் கொஞ்சம் பட்டாலும் உடம்பைப் புரட்டிப்போடும் வகை. கீழே: காலை டீயில், பொடித்து. அம்மா கொடுப்பாள். அவருக்குத் தெரியாது. பிறகு தேதிவாரியாக டிக். அந்தச் செவ்வாய்க்கு நேராக மட்டும் இரண்டு வரி. "ஸ்பிரிட் ஆவியால் எதிர்வினை. குடிக்கவில்லை என்பது உண்மை. அளவைப் பாதியாக்கவும்."

மூன்று முறை படித்தார். நோட்டைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். உங்கள் நல்லதுக்குத்தானே என்று மனைவி ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார்.

"மாத்திரை போகட்டும். கேட்டிருந்தா நானே வாங்கிப் போட்டிருப்பேன்." மகளைப் பார்த்தார். "நான் குடிக்கலன்னு உலகத்துலயே உனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என் கையில பிரஷர் பட்டையக் கட்டி, ரெஸ்ட் எடுங்கன்னியே."

 டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கியது, வெளியே தெரிந்தால் தன் வேலை போய்விடும், கேஸ்கூட ஆகும் என்றாள் மகள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய நேரம் அதுதான் என்பது அவளுக்குப் புரியவில்லை.

விசாரணைக்குப் போகும்போது நோட்டு அவர் சட்டைப்பையில் இருந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். அன்று குடித்திருந்தீர்களா என்று கேட்டார்கள். எடுத்து நீட்டினால் இருபத்தெட்டு வருடப் பெயர் திரும்பிவிடும். பைமேல் கையை வைத்தார். பிறகு கையை மேசைமேல் எடுத்து வைத்தார்.

"குடிச்சிருந்தேங்க" என்றார். எழுதிக் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டார். சூப்பர்வைசர் தோளில் தட்டி, ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம் என்று பாராட்டினார்.

திரும்பும் வழியில் வேறொரு டாக்டரைப் பார்த்து, எல்லாம் சொல்லி, அதே மாத்திரையைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். வாசலில் மகள் நின்றிருந்தாள். நோட்டை அவள் கையில் கொடுத்தார்.

"நான்தான் குடிச்சேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

அதன்பின் நாலு வருடம் உயிரோடு இருந்தார். காலையில் தன் கையால் தண்ணீர் பிடித்து, தன் கையால் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஒரு சொட்டுத் தொடவில்லை. மகளோடு பேசாமல் இருந்தார் என்று சொல்லமுடியாது. கேட்டதற்குப் பதில் சொன்னார், காய்ச்சல் என்றால் விசாரித்தார். ஆனால் ஒருமுறைகூட 'அம்மா' என்று கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல, முழுப்பெயரையும் சொல்லித்தான் கூப்பிட்டார்.