பிளாஸ்டர் போட்ட படம்

கிள்ளானில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தை ஒரு ரப்பர் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு இரும்பு உருளைகள், பக்கத்தில் கையால் சுற்றும் ஒரு சக்கரம். உறைந்த ரப்பர் பாலை உருளைகளுக்கு நடுவே கொடுத்துச் சுற்றினால் தட்டையாக வெளியே வருமாம். தாத்தாவின் இரண்டு ஏக்கர் நிலம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனபோது, அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, இதை மட்டும் லோரியில் ஏற்றிக்கொண்டு எங்களோடு வந்து தங்கிவிட்டார். அப்பாவின் கார் வெயிலில் நின்றது. வீட்டு ஆள் மாதிரி இதற்கும் ஒரு ஐசி, அதாவது அடையாள அட்டை, எடுத்துவிடலாம் என்று அம்மா வாரம் ஒருமுறையாவது சொல்வார். அத்தை காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அத்தைக்கு வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் கிடையாது. சின்ன வயதில் அடிபட்டது என்பதற்கு மேல் வீட்டில் யாரும் பேசியதில்லை. அந்தக் கையோடுதான் கையுறை ஃபேக்டரியில் பெட்டி அடுக்கினார், வீட்டில் சப்பாத்தி தேய்த்தார். கேமராவைக் கண்டால் மட்டும் கை முந்தானைக்குள் போய்விடும். எங்கள் குடும்பத்துக் கல்யாண ஆல்பங்கள் எல்லாவற்றிலும் அத்தைக்கு ஒரு கைதான்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் பழைய தோட்டச் சாமான்களின் படக் கண்காட்சி என்று செய்தி வந்தது. படம் அனுப்பினால் பெரிதாக அச்சடித்து மாட்டுவார்களாம். அத்தை அன்றே மெஷின் மேலிருந்த பூந்தொட்டிகளை இறக்கி, தேய்த்துக் கழுவினார். ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார். அப்பா எடுத்து முடித்து ஃபோனை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் கிளீன் பண்ணி அனுப்பிடும்மா."

அந்த வயதில் எங்கள் வீட்டில் நான்தான் பெரிய எடிட்டர். சித்தியின் முகப்பரு, மாமாவின் தொப்பை எல்லாம் என் கையால் மறைந்தவை. ஃபோனில் ஒரு கருவி உண்டு, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் படம் போட்டிருக்கும். அதைத் தொட்டுவிட்டு எதைத் தேய்த்தாலும் அது இருந்த இடம் தெரியாது. துருவைத் தேய்த்தேன். பின்னால் கொடியில் காய்ந்த அப்பாவின் கைலியைத் தேய்த்தேன். சக்கரத்தடியில் படுத்திருந்த பூனையையும் விடவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன். அத்தையின் வலது கை முந்தானைக்குள் இல்லை. உருளையின் மேல் நன்றாக விரித்து வைத்திருந்தார். பாவம், மறந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். ஊரே பார்க்கப்போகிற படம். என் கையை மேசையில் விரித்துப் படமெடுத்து, கடைசி இரண்டு விரல்களை வெட்டி, நிறத்தைச் சரிக்கட்டி, அத்தையின் கையில் ஒட்டினேன். ஃபோனில் இடம் போதவில்லை. பழைய படத்தை அழித்துவிட்டேன். அப்பா மெஷினை மட்டும் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி ஆக்கிட்டியே" என்றார். நானே அனுப்பினேன்.

கண்காட்சிக்கு அத்தை ஃபேக்டரித் தோழிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ரயிலில் கிள்ளானிலிருந்து வழியெல்லாம் அவர் பேச்சுதான். அத்தை அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. மண்டபத்தில் படம் கதவளவுக்குத் தொங்கியது. ஒரு தோழி படத்தையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னக்கா, இந்த மெஷின்லதானே வெரலு போச்சுன்னு சொன்னீங்க? படத்துல முழுசா இருக்கே லா."

எனக்கே அப்போதுதான் தெரியும். அத்தை கிட்டே போய்ப் பார்த்தார். அந்த இரண்டு விரல்கள் மட்டும் குட்டையாக இருந்தன. நகங்களில் தீபாவளிக்கு வைத்த மருதாணி வேறு. திரும்பி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இது உன் வெரலா?"

"ஆமா அத்தை. நல்லாருக்கா?"

"நல்லாருக்கும்மா."

பழைய படம் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். அழித்துவிட்டேன் என்றேன். அத்தை கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு, வாங்க சாப்பிடப் போகலாம் என்று தோழிகளைக் கூப்பிட்டார்.

இன்று செந்தூலில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் படம் திருத்துவதுதான் என் பிழைப்பு. எதை எடுக்க வேண்டும் என்று கேட்பதற்கு முன், எதைத் தொடக் கூடாது என்று கேட்டுவிடுவேன். சிலர் சிரிப்பார்கள். எனக்கு அத்தையை நினைத்தால் இன்னமும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அன்று திரும்பும் ரயிலில் எனக்கு வெட்கமெல்லாம் இல்லை, கொஞ்சம் கோபம்தான். இவ்வளவு பாடுபட்டும் சரியாக ஒரு பாராட்டுகூட இல்லை. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"படம் எடுக்கறப்போ ஏன் அத்தை கைய மறைக்கல? மறந்துட்டீங்களா?"

அத்தை வெளியே பார்த்தபடியே, "ஆமாம்மா, மறந்துட்டேன்" என்றார்.

நான் நம்பிவிட்டேன். அடுத்த தடவை ஞாபகப்படுத்துகிறேன் என்று தைரியமும் சொன்னேன்.