கம்பளிச் சட்டைக்குள் ஒரு கடி

பேர்லின் குளிருக்குப் பயந்து, எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய் உள்ள என் நான்கு வயது மகளுக்கு வெறும் உடம்பிலேயே கம்பளிச் சட்டை போட்டு, ஹீற்றரையும் உச்சத்தில் வைத்திருந்தேன்.

"கடிக்குது அம்மா" என்று சட்டையை இழுப்பாள்.

"கழட்டாதை, தடிமன் வந்து மூக்கொழுகும்" என்று அதட்டுவேன்.

ஒருநாள் முழங்கை மடிப்பில் சொறிந்து சொறிந்து இரத்தமே வந்துவிட்டது. பதறியடித்து டாக்டரிடம் ஓடினேன். கம்பளி உரசுவதும் உடம்பு வியர்ப்பதும்தான் அரிப்பைக் கூட்டுகின்றன என்றார் அவர்.

இப்போது உள்ளே பருத்திச் சட்டை, அறையில் அளவான சூடு. இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டி, ஈரம் காயுமுன் கிறீம் பூசுகிறேன்.

நேற்று, துப்புரவு வேலையில் வெடித்துப்போன என் கைகளைக் கவனித்துவிட்டாள்.

"உங்களுக்கும் கடிக்குதோ?"

"ஓம் குஞ்சு."

உடனே கிறீமை அள்ளிக்கொண்டு, என்னைப் போலவே அதட்டினாள்: "ஆடாமல் இருங்கோ!"