ஒரே மனிதரின் வாரிசுகள்

அந்த வெள்ளைக்காரரின் குடும்பப் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அதன் வரலாற்றைப் போஸ்டராக அச்சடிக்கத்தான் 2005 வாக்கில் சிவகாசியில் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். பட்டாசு லேபிள் வேலை குவிந்துகிடந்த நேரம். எனக்கு எரிச்சல். அவரோ எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி, அந்தப் பெயர் இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து ஆஸ்திரேலியாவரை போன கதையைச் சொல்லுவார். போஸ்டரின் உச்சியில், "நாங்கள் எல்லோரும் ஒரே மனிதரின் வாரிசுகள்" என்று கொட்டை எழுத்து.

"வீட்டுக்காரம்மா எந்த வகையறான்னு கேளுங்க," என்றார் மெஷின்மேன்.

கேட்டேன். மனைவிக்கும் பிறந்ததிலிருந்தே அதே குடும்பப் பெயர்தானாம்.

மெஷின்மேன் மெஷினை நிறுத்திவிட்டார். "பங்காளி வீட்டுப் பொண்ணு தங்கச்சி முறையாச்சே! அதையா கட்டியிருக்கீக?"

அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். வெள்ளைக்காரர் முகம் வெளிறி, அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். அந்த ஒரே மனிதரைக் கண்டுபிடிக்கத்தான் பாதி ஆயுள் அலைந்தாராம். எதிர்க்கடையில் மத்தாப்பு வாங்கிக்கொண்டிருந்த மனைவியிடம் சொல்லிவிட வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். கிறுக்கனா, நல்லவனா, இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.