பெய்யாத மழைக்கு ஒப்பாரி

எங்கள் விளையாட்டில் மழை பெய்யுமா பெய்யாதா என்பதை என் லேப்டாப்பில் இருக்கும் ஒரு சாஃப்ட்வேர்தான் முடிவு செய்யும். மாதத்தையும் நிலத்தையும் கொடுத்தால் போதும், இல்லாத நாட்டுக்கு நாள்வாரியாக வானிலை சொல்லிவிடும். முதல் தடவை ஓட்டியபோது பனி பொழிந்தது. பெரம்பலூரில் பிறந்து வளர்ந்த கூட்டத்தில் பனி விழுந்து பார்த்தவர் யார்? "ஃப்ரீசர்ல படியுமே, அது மேல நடக்குற மாதிரி நெனச்சுக்குங்க" என்று நான் விளக்கினேன். அன்றைய ஆட்டம் சிரிப்பிலேயே முடிந்துபோனது. அதற்குப் பிறகு உட்கார்ந்து நம் மாவட்டத்து வெயிலையும் ஐப்பசி அடைமழையையும் அதற்குள் ஊட்டினேன்.

விளையாட்டு என்றால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே ஆடுவது. நான் கதையை நடத்துவேன். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலித்ததா என்று பகடை சொல்லும். ஞாயிறுதோறும் அரியலூரிலிருந்து பஸ் பிடித்து வரும் என் அத்தை மகள் வாள்வீராங்கனை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சர்வேயராக இருக்கும் நண்பன் மந்திரவாதி. செல்போன் கடை வைத்திருக்கும் இன்னொருவன் திருடன். ஆனால் அவன் எதையும் திருடி நான் பார்த்ததில்லை. மிக்சரில் கடலையைப் பொறுக்குவதோடு சரி.

வானிலையில் நான் ஓரவஞ்சனை செய்கிறேன் என்று மூவருக்கும் நெடுநாள் புகார். "நாங்க கூடாரம் போட்டா மட்டும் எப்பிடிடா கரெக்டா இடி விழுது?" என்று அத்தை மகள் கேட்ட அன்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாஃப்ட்வேர் சொல்வதுதான் வானிலை, அதில் நான் கை வைத்தால் கதை நடத்தும் இடத்தை அந்த நிமிடமே அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த இடத்தின் மேல் அவளுக்கு ஒரு வருடமாக ஆசை.

வம்பு ஐப்பசியில் வந்தது, விளையாட்டின் ஐப்பசியில். பாறை மேல் ஒரு கோட்டை. உள்ளே இவர்கள் மூவரும் குடிமக்கள் அறுபது பேரும். வெளியே இரும்புக் கவசம் போட்ட எதிரிப் படை, ஏரிக்கரையை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஐப்பசிதானே, மழை கொட்டும், கோட்டைத் தொட்டி நிரம்பும் என்று நம்பி இவர்கள் கதவை அடைத்துக்கொண்டார்கள். நான் நாளை நகர்த்தினேன். வானம் தெளிவு. மறுபடி நகர்த்தினேன். வானம் தெளிவு, வறண்ட காற்று. ஐப்பசியிலும் பொய்த்துவிடும் நம் ஊர் வானத்தின் குணத்தை அவ்வளவு அக்கறையாக ஊட்டியது என் தப்புதான். தொட்டி அடிமண் தெரியுமளவுக்கு வற்றியது. அடுத்த நாளும் பெய்யாவிட்டால் மூன்று பாத்திரங்களும் நாக்கு வறண்டு சாகும். ஒரு வருடக் கதை அத்தோடு முடியும்.

"ஒரு தூறல் போடேன்டா. யாருக்கும் தெரியாது" என்றான் சர்வேயர்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அத்தை மகள். "போட்டான்னா எந்திரிக்கணும். போடு, போடு."

நான் போடவில்லை. எனக்கும் இவர்களைக் கொல்ல மனமில்லை, ஆனால் இடத்தை விடவும் மனமில்லை.

"அப்ப சரி. நாங்க கொடும்பாவி கட்டி இழுக்கறோம்" என்றாள் அவள்.

மழை பொய்த்தால் வைக்கோலில் உருவம் செய்து, பிணம் போலத் தெருத் தெருவாக இழுத்து, மாரடித்து அழுகிற சடங்கு. அதற்கு என் சாஃப்ட்வேரில் கட்டம் எதுவும் இல்லை என்றேன். "செஞ்சு காட்டுறோம், நீ பாத்துட்டு முடிவு பண்ணு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் என் தலையணைக்கு என் லுங்கியையே சுற்றித் தரையில் கிடத்திவிட்டார்கள். திருடன் எவர்சில்வர் தட்டை எடுத்துத் தட்டினான். அவள் முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்:

"ஐப்பசிக்கு வாரேன்னு ஆச காட்டிப் போனியே, லேப்டாப்பு பொட்டிக்குள்ள லேசாத் தூங்கிப்புட்டியே!"

சர்வேயர் மார்பில் அடித்துக்கொண்டு, "எந்திரிச்சு வாயேன், எங்க ராசா!" என்று ஏற்றி இழுத்தான். பகல் வேளை, ஜன்னல் திறந்திருந்தது. அவனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு கீழ் வீட்டிலிருக்கும் ஹவுஸ் ஓனர் அம்மா வந்தார். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர், காதில் போனோடு.

"தம்பி, யாருப்பா? எப்ப ஆச்சு? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நீர்மாலைக்குத் தண்ணிக்கு எங்கயும் அலைய வேணாம், நம்ம மோட்டாரப் போட்டு வுட்டுட்டுதான் வந்தேன். ஐஸ் பொட்டிக்கு இவரு சொல்லிட்டாரு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பார்வை தரைக்குப் போனது. லுங்கி விலகியிருந்தது.

"இது தலகாணி இல்ல?"

"யாரும் சாவலம்மா. மழைக்காக…"

"நல்ல நாளும் அதுவுமா, இழவு வூடு மாதிரி! படிச்ச புள்ளைங்களா நீங்க? தொடப்பத்த எடுத்துட்டு வந்தன்னா தெரியும்!"

"அண்ணே, பொட்டி வேணாம்ணே… இல்லண்ணே, பொழச்சுட்டாங்க" என்று எதிர்வீட்டுக்காரர் போனில் கெஞ்சிக்கொண்டே இறங்கினார். வண்டி அதற்குள் கிளம்பிவிட்டதாம். அந்த அம்மா மோட்டாரை நிறுத்த ஓடினார்.

நான் லுங்கியை இழுத்துத் தலையணையை மூடினேன். திருடன் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அத்தை மகள் மட்டும் நிதானமாகக் கொண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மழை வந்துச்சா?" என்றாள்.

"இல்ல. சடங்குக்காக சாஃப்ட்வேர மாத்த மாட்டேன்."

"மாத்தாத. நாங்க அழுத சத்தம் கோட்டைக்கு வெளிய கேட்டுச்சா இல்லியா?"

எதிர்வீடு வரைக்கும் கேட்டதை எப்படி மறுப்பது? கேட்டது என்றேன்.

"கேட்டவங்க என்ன நெனப்பாங்க?"

"யாரோ செத்துட்டாங்கன்னு…"

"பொணத்தக் குளிப்பாட்டணும். நீர்மாலைக்கு ஏரிக்குப் போறோம். எழவு வூட்டுக்குத் தண்ணி இல்லன்னு சொல்ற படை எங்கயாச்சும் இருக்கா? இந்த அம்மா நேத்து வரைக்கும் வாடக ஏத்தச் சொல்லி சண்ட போட்டாங்க. இன்னிக்கு மோட்டாரே போட்டு வுட்டாங்க."

"எத்தன குடம்?" என்றேன், குரல் இறங்கி.

"பங்காளிக்கு ஒண்ணு. உள்ள இருக்குற அறுபது பேரும் பங்காளிங்க."

சர்வேயர் எழுந்து நின்று கைதட்டினான். ஆனால் என்னிடம் ஒரு அம்பு பாக்கி இருந்தது. எதிரித் தளபதி முட்டாள் இல்லை. மாலையோடு வருகிறான், முகம் பார்க்க வேண்டும் என்கிறான் என்றேன். பிணம் எங்கே?

மூன்று தலைகளும் யோசித்தன. பிறகு இரண்டு தலைகள் திருடன் பக்கம் திரும்பின.

"ஏன் நானு?"

"நீதான் ரெண்டு வாரமா ஒண்ணும் செய்யல. படு."

படுத்தான். தளபதி குனிகிறான் என்றேன். அந்த நேரத்து வானிலைக்குப் பட்டனைத் தட்டினேன். சாஃப்ட்வேர் கைவிடவில்லை: வறண்ட காற்று, கடும் புழுதி. என் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

"புழுதி மூக்குல ஏறுது. தும்மாம இருக்கணும். பகடையப் போடு."

திருடன் பகடையைக் கையில் எடுத்தான். முதன்முதலாக அவன் முகத்தில் ஒரு திருட்டுக்களை தெரிந்தது. பகடையை அப்படியே மேசை மேல் வைத்துவிட்டான்.

"எதுக்குப் போடணும்? எனக்குத்தான் மூக்குல பஞ்சு வச்சிருக்கே" என்றான்.