அத்தையின் வலது கை

ஒன்பது வயதில் எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. அத்தையின் வலது கையைக் கவனித்து எழுத வேண்டும்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி அம்பர்நாத்துக்குப் போனவள், ஆறே மாதத்தில் மும்பை தாராவியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவள் வலது கை தோளோடு சேர்ந்து விசுக்கென்று வீசும். அப்படி வீசித்தான் மாமியாரின் மடியில் குழம்புக் கிண்ணம் கவிழ்ந்தது. புகுந்த வீடு பிடிக்காமல் நடிக்கிறாள் என்றார் அத்தையின் கணவரான மாமா. சத்துக்குறைவு என்றார் எங்கள் சந்தில் இருந்த டாக்டர். அப்பாவுக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை.

குழாயில் தண்ணீர் வரும் நேரம், மழைக்கு ஒழுகும் இடங்கள் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் பட்டியல் இருந்தது.

"நீதான் பொய் சொல்ல மாட்ட. ஒரு வாரம் பாத்து எழுதுளா" என்றார் அப்பா.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினேன். பல் துலக்கும்போது: வீசியது. முறுக்குப் பிழியும்போது: வீசியது, அச்சு கீழே விழுந்தது. தாயம் விளையாடும்போது: வீசியது. "பாத்தியாளா, எனக்கு முந்தி இது ஆடுது" என்று அத்தை சிரித்தாள். மதியம் தூங்கும்போது: வீசவில்லை. இதை மட்டும் மூன்று மதியங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சரிபார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அப்பா வாசிக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல நிறுத்தி, தெளிவாக வாசித்தேன்.

கடைசி வரிக்கு மாமா கைதட்டினார். "கேட்டியளா மச்சான்? தூங்கும்போது கைக்கும் லீவாம்! பக்கா நடிப்பு."

"நான் ஆட்டலண்ணே. அதுவா ஆடுது" என்றாள் அத்தை. இடது கையால் வலது கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அது இடது கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வீசியது.

அப்பா அவளைப் பார்க்காமல், அவள் பையை எடுத்துவைக்கும்படி அம்மாவிடம் சொன்னார். பிறகு என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து, அம்பர்நாத்தில் தண்ணீர் வரிசையில் அத்தை வலிப்பு வந்து விழுந்தாள். ஸ்கேனில் மூளையின் இடது பக்கம், ஆழத்தில், பன்றி நாடாப்புழுவின் கட்டி ஒன்று தெரிந்தது. "பன்னிக்கறி தின்னவள எங்க தலையில கட்டிட்டீய" என்று மாமியார் திருப்பி அனுப்பிவிட்டாள். சரியாகக் கழுவாத கீரையே போதும், நாடாப்புழுவின் முட்டை உள்ளே போக. அதைச் சொல்ல அன்று யாரும் இல்லை. மருந்தில் கட்டி சுருங்கியது. கை அடங்கியது. அழைத்துப்போக மாமா வரவில்லை.

இன்று மற்றவர்களை ஸ்கேன் எடுப்பது என் வேலை. இப்படித் தானாக வீசும் கை பெரும்பாலும் தூக்கத்தில் அடங்கிவிடும் என்று படிப்பில்தான் தெரிந்துகொண்டேன். நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். அது நோயின் அடையாளம். எங்கள் வீட்டில் அதைத் திருட்டுத்தனத்தின் அடையாளமாக வாசித்தோம். வாசித்தது என் குரல்.

அன்று அம்பர்நாத்திலிருந்து திரும்பி வந்த பிறகு, நான் வீட்டில் இருக்கும் மதியங்களில் அத்தை தூங்குவதில்லை. படுத்திருந்தாலும், வீட்டுப்பாடம் எழுத நான் நோட்டைத் திறந்ததும் எழுந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். மருந்துதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நினைத்தேன். டாக்டரிடம் காட்ட உதவுமே என்று, அதையும் தேதி போட்டு எழுதிவைத்தேன்.